கைராசிக்காரி

புட்டியைக் கையில் வாங்கிப் பார்க்கிற எல்லோரும் முதலில் சொல்வது, "இதுல ஒண்ணுமே இல்லையே" என்பதுதான். சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் புட்டி. அடியில் பத்து மைக்ரோகிராம் புரதம் இருப்பதாகச் சீட்டு சொல்லும்; கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை புதிதாக வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர், காலிப் புட்டியை அனுப்பி ஏமாற்றிவிட்டார்கள் என்று விற்றவனைப் போனில் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, புட்டியைக் குப்பையில் போட்டார். தொட்டியைக் கவிழ்த்துத் தேடி எடுத்தவள் நான். அன்றைக்கு நான் அவரைத் திட்டியது மூன்றாவது மாடி வரைக்கும் கேட்டதாம். கேட்கட்டும்.

மனிதப் புரதம் என்று பேர். ஆனால் எந்த மனிதரும் கொடுத்ததில்லை. மனித மரபணுவில் அதற்கான துண்டை எடுத்து பாக்டீரியாவுக்குள் வைத்துவிடுவார்கள். அது, தான் யாருக்காக உழைக்கிறோம் என்று தெரியாமலே மனிதப் புரதத்தைச் செய்து தள்ளும். அதைச் சுத்தம் செய்து, உறையவைத்து, உலர்த்தித் தூசாக்கி அனுப்புவார்கள். எங்கள் லேபில் பதினோரு வருஷமாக இந்த ஒரு புரதத்தைத்தான் கட்டிக்கொண்டு அழுகிறோம். காயம் ஆறுவதற்கு இதுதான் சாவி என்பது லேபை நடத்தும் எங்கள் சாரின் கட்சி.

சோதனை ரொம்ப எளிது. தட்டில் மனிதத் தோல் செல்களைப் பாய் விரித்தது போல் வளரவிட வேண்டும். பிறகு பிப்பெட் என்கிற உறிஞ்சுகுழாயின் நுனியால் நடுவில் ஒரு கோடு கீற வேண்டும். அதுதான் காயம். ஒரு தட்டில் புரதம் விட வேண்டும், இன்னொரு தட்டில் புரதம் இல்லாமல் விட வேண்டும். இரண்டாவதற்கு எங்கள் பேச்சில் 'வெறும் தட்டு' என்று பேர். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், புரதம் விட்ட தட்டில் இரண்டு கரையிலிருந்தும் செல்கள் நகர்ந்து வந்து கோட்டை மூடியிருக்கும். வெறும் தட்டில் கோடு போட்டபடியே கிடக்கும்.

என் கையில் ஒருநாளும் இது பொய்த்ததில்லை. நான் அங்கே டெக்னீஷியன், பத்தொன்பது வருஷம். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் கையில் செத்துப்போகும் செல்கள் நான் தொட்டால் தளதளவென்று வளரும். "அக்காவுக்குக் கைராசி" என்று சொல்லிச் சொல்லி, எல்லோரும் முக்கியமான தட்டுகளை என்னிடம் கொண்டுவந்து வைப்பார்கள். நான் வாயில் வேண்டாம் என்பேன். மனசுக்குள் தலைகால் புரியாது. பட்டம் இல்லாதவளுக்கு அது ஒரு பட்டம்.

இந்தப் புரதத்துக்கு இவ்வளவு மவுசு வந்தது என் தம்பியால். சாரிடம் கெஞ்சி அவனை இங்கே ஆராய்ச்சிக்குச் சேர்த்துவிட்டதே நான்தான். யோசிக்கிறது அவன், ஊற்றுகிறது நான் என்று ஐந்து வருஷம் ஓடியது. காயம் மூடும் படங்களை வைத்துத்தான் அவன் பட்டம் வாங்கினான், பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தது, இன்னொரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்தது. போன வருஷம் அது நிரந்தரமானது. அம்மா இப்போது அவனோடுதான் இருக்கிறாள். கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்ன பட்டியலில், மைக்ரோஸ்கோப் பழுது பார்த்தவருக்கு அடுத்ததாக நான் இருக்கிறேன். அப்போது அதைக்கூடப் பெருமையாக வெட்டி பீரோ கதவில் ஒட்டினேன்.

இனி அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். தம்பி விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர வந்தவள். லேபில் அவளுக்கு 'நோட்டுப்புத்தகம்' என்று பேர் வைத்திருந்தார்கள். தும்மினால்கூட எத்தனை மணிக்குத் தும்மினேன் என்று எழுதிவைப்பாள். முதல் வேலையே தம்பியின் சோதனையைத் திரும்பச் செய்து காட்டுவது. அதற்கே அவளுக்கு மூன்று வருஷம் போய்விட்டது. அவள் கையில் எல்லாத் தட்டும் மூடிக்கொண்டது. புரதம் விட்டதும் மூடியது, வெறும் தட்டும் மூடியது.

"உன் கை சுத்தமில்ல" என்றார் சார். "நுனி மாத்தாம ஊத்துற. புரதம் வெறும் தட்டுலயும் போய் விழுது. பின்ன மூடாம என்ன பண்ணும்?"

அவள் நுனியை மாற்றினாள். பிப்பெட்டை மாற்றினாள். கையுறையைத் தட்டுக்குத் தட்டு மாற்றி, ஒரு பெட்டியை ஒரே வாரத்தில் காலி செய்து, அதற்கும் திட்டு வாங்கினாள். ஒன்றும் மாறவில்லை. கடைசியில் சார் கமிட்டியைக் கூட்டினார். அடுத்த புதன்கிழமைக்குள் சோதனை சரியாக வராவிட்டால் பட்டம் கிடையாது, கிளம்ப வேண்டியதுதான் என்று முடிவானது. அவள் அப்பா பஸ் டிரைவர். வீட்டில் எல்லோரிடமும் மகளை 'டாக்டர்' என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் உள்ளே போய்விடும்.

கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது என்னிடம் வந்தாள். "அக்கா, நான் ஊத்தறப்ப கொஞ்சம் பக்கத்துல நின்னு பாருங்க. எங்க தப்பு பண்றேன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

நின்றேன். குற்றம் கண்டுபிடிக்கிற ஆசையோடுதான் நின்றேன், பொய் சொல்வானேன். புட்டியைத் திறப்பதற்கு முன் சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மூடியில் ஒட்டிய தூசைக் கீழே இறக்கினாள். பாதிப் பேருக்கு அது தெரியாது. அல்புமின் கலந்த கரைசலில் புரதத்தைக் கரைத்தாள்.

இந்த அல்புமினைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் புரதத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கொஞ்சமாக இருந்தால் ட்யூபின் சுவரிலேயே அப்பிக்கொண்டு செல்லுக்குப் போய்ச் சேராது. அதனால் மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த அல்புமினை ஆயிரம் மடங்கு அதிகமாகக் கலப்போம். அது போய்ச் சுவரை அடைத்துக்கொள்ளும், புரதம் தப்பித்துச் செல்லுக்குப் போகும். அல்புமின் ஒப்புக்குச் சப்பாணி, அதுபாட்டுக்கு இருந்துவிட்டுப் போகும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவள் புரதத் தட்டை முடித்துவிட்டு வெறும் தட்டை எடுத்தாள். நுனி மாற்றினாள். புரதம் கலக்காமல் தனியாக வைத்திருந்த அதே அல்புமின் கரைசலை அதில் விட்டாள்.

"அதுல ஏன் அல்புமின் விடுற?" என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். "ரெண்டுலயும் அல்புமின் இருக்கணும்லக்கா? புரதம் ஒண்ணு மட்டும்தான வித்தியாசமா இருக்கணும்? கட்டுரையிலயும் அப்படித்தான் போட்டிருக்கு." பிறகு கொஞ்சம் பயந்தாற்போல், "ஏங்க்கா, நீங்க வேற மாதிரி பண்ணுவீங்களா?"

"இல்ல, நானும் அப்படித்தான்" என்றேன்.

அதுதான் முதல் பொய். யாரும் என் கழுத்தைப் பிடிக்கவில்லை. தம்பியின் நினைப்புகூட அப்போது வரவில்லை. தெரியாதவள் என்று அந்தப் பெண் முன்னால் ஆகிவிடக் கூடாது என்று வாய் முந்திக்கொண்டது.

நான் அப்படிச் செய்ததே இல்லை. தூசு படாமல் தட்டு ஊற்ற வைத்திருக்கும் என் ஹூட்டின் முன்கண்ணாடியில் தம்பி கைப்பட எழுதிய ஒரு தாள் பதினோரு வருஷமாக ஒட்டியிருந்தது. 'புரதத் தட்டு: அல்புமின் கரைசலில் புரதம். வெறும் தட்டு: உப்புக் கரைசல் மட்டும்.' அதைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆயிரக்கணக்கான தட்டு ஊற்றினேன். அல்புமின் கரைசலுக்கும் உப்புக் கரைசலுக்கும் ஒரே மாதிரி நீல மூடி பாட்டில். அல்புமின் பாட்டில் மூடியில் மட்டும் நான் ஒரு புள்ளி வைத்திருப்பேன். கட்டுரையில் ஒன்று எழுதியிருக்கிறது, என் கை வேறொன்று செய்திருக்கிறது. அதை அக்கறையாகப் படித்து, எழுதியபடியே செய்த ஒரே ஆள் இந்தப் பெண்தான்.

மறுநாள் காலையில் யாரும் வருவதற்கு முன்னால் போய் மூன்று தட்டு கீறினேன். ஒன்றில் உப்புக் கரைசல். ஒன்றில் அல்புமின் மட்டும், புரதமே இல்லை. ஒன்றில் அல்புமினும் புரதமும். இன்குபேட்டர் கதவை மூடிவிட்டு, இரண்டாவது தட்டு மூடக் கூடாது, மூடக் கூடாது என்று நாள் முழுக்க எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்த நாள் காலையில் எடுத்துப் பார்த்தேன்.

மூடியிருந்தது. அல்புமின் மட்டும் விட்ட தட்டில் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. புரதம் விட்ட தட்டும் அச்சு அசல் அதே மாதிரி. உப்புக் கரைசல் விட்டது மட்டும் பிளந்து கிடந்தது. பதினோரு வருஷம் மாடு செய்த வேலைக்கு மனிதன் பேர் வாங்கியிருக்கிறான். என் கைராசி என்று இத்தனை பேர் தலையில் தூக்கி வைத்து ஆடினார்களே, அது ஒரு பாட்டிலுக்குப் பதில் இன்னொரு பாட்டிலை எடுத்த கை. எனக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மதியம் மாடிப்படியில் நின்று தம்பிக்குப் போன் செய்தேன். முழுக்கச் சொன்னேன். அவன் நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதிலேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"என்ன தெரியும்?"

"அல்புமின். இங்க வந்தப்புறம் ஒரு பையன் செஞ்சு பாத்தான். வரல. அப்பவே தெரிஞ்சுது."

"எப்ப?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"ரெண்டு வருஷமா இங்க ஒருத்தி தட்டு தட்டா ஊத்திக்கிட்டு உட்காந்திருக்கா, தெரியுமாடா உனக்கு?"

"கத்தாதக்கா. யாராவது கேக்கப் போறாங்க." குரலைத் தணித்தான். "வேணும்னு பண்ணலக்கா. தாள்ல எழுதறப்ப யோசிக்கல. கட்டுரை எழுதறப்ப எல்லாரும் எழுதற மாதிரி எழுதிட்டேன். இப்ப சொன்னா வேணும்னே பண்ணினேன்னுதான் சொல்வாங்க. வேலை போயிடும். பட்டத்தையே திரும்ப வாங்கினாலும் வாங்குவாங்க."

"அந்தப் பொண்ணுக்குப் பட்டமே இல்லாமப் போகுதுடா."

"அவ சின்னப் பொண்ணு. வேற எங்கயாவது போய்ப் பொழச்சுக்குவா." பிறகு, இத்தனை நாளும் தயாராக வைத்திருந்தது போல் சொன்னான். "இன்னொண்ணு யோசிச்சுக்கோ. அந்தத் தட்டு ஒவ்வொண்ணும் உன் கையால ஊத்தினது. நான் ஒரு தட்டுகூடத் தொடல. விசாரணைன்னு வந்தா முதல்ல உன்னத்தான் கேப்பாங்க."

படத்துக்கு அவன் பேர், பழிக்கு என் கை. போனை அவன் மூஞ்சியில் எறிய முடியாது என்பதால் பைக்குள் போட்டேன். ஐந்து நிமிஷத்தில் அம்மா கூப்பிட்டாள். ஏன் தம்பியிடம் சண்டை போட்டாய், பாவம் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான் என்றாள். அவன் சாப்பிடாவிட்டால் அம்மாவுக்கு உலகமே நின்றுவிடும். நான் சாப்பிட்டேனா என்று கேட்கவில்லை.

அன்று வெள்ளிக்கிழமை. சாயங்காலம் சார் என்னையும் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டார். "திங்கக்கிழமை ரெண்டு பேரும் செய்யுங்க. ஒரே புட்டி, ஒரே செல், ஒரே நேரம். படங்களைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கமிட்டிக்குக் காட்டிடலாம். அப்புறம் யாரும் எதுவும் சொல்ல முடியாது." அவள் முகம் மலர்ந்தது. "அக்காவும் செஞ்சா நல்லது சார், எங்க தப்புன்னு தெரிஞ்சிரும்" என்றாள். என்னோடு போட்டி என்றே அவளுக்குத் தோன்றவில்லை. நான் துணைக்கு வருகிறேன் என்று நினைத்துக்கொண்டாள்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் நல்லவளாகத்தான் இருந்தேன். வெறும் தட்டில் அல்புமின் விடுவேன். என் தட்டும் மூடும். சார் விழிப்பார். ஏன் என்று கேட்பார். சொல்லிவிடுவேன். தம்பி தொலையட்டும், நானும் தொலைகிறேன். வார்த்தைக்கு வார்த்தை ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலையில் முதலில் போய், கண்ணாடியில் ஒட்டியிருந்த தம்பியின் தாளைக் கிழித்தேன். ஏன் கிழித்தேன்? சொல்லப்போகிறவள் அதைப் பத்திரமாக அல்லவா வைத்திருக்க வேண்டும்? அதை அப்போது நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாலாக மடித்துக் கோட்டுப் பையில் போட்டேன். பசைநாடாவின் நாலு மூலைத் தடம் மட்டும் கண்ணாடியில் நின்றது.

இரண்டு ஹூட்டும் எதிரெதிர்ச் சுவரில். முதுகுக்கு முதுகு உட்கார்ந்து வேலை செய்தோம். சார் நடுவில் நாற்காலி போட்டு, போனில் எதையோ தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புட்டியைச் சுற்றினேன், கரைத்தேன், அவளுக்குப் பாதி கொடுத்தேன். புரதத் தட்டு முடிந்தது. வெறும் தட்டை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். நீல மூடி பாட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றில் புள்ளி, ஒன்றில் இல்லை.

பின்னால் அந்தப் பெண், "அக்கா, உங்க கை நடுங்கவே மாட்டேங்குது. எனக்கு இங்க உதறுது" என்று சிரித்தாள்.

"அக்கா கை அப்படி" என்றார் சார், போனிலிருந்து கண்ணெடுக்காமல். "இத்தனை வருஷத்துல ஒரு தட்டு தப்பினதில்ல."

வேலை போய்விடுமே என்று பயந்தேன்தான். அம்மாவின் முகம் வந்தது, அதுவும் உண்மை. ஆனால் அதையெல்லாம் சாக்காகச் சொல்லித் தப்பிக்க எனக்கு மனசில்லை. இந்த ஒன்றை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்ற எண்ணம்தான் என் கையைப் பிடித்து இழுத்தது. புள்ளி இல்லாத பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். விட்டேன். கை நடுங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை படம் எடுத்தோம். என் புரதத் தட்டு மூடியிருந்தது, வெறும் தட்டு பிளந்திருந்தது. அவளுடையது இரண்டும் மூடியிருந்தது. திரையில் நாலு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தோம். அவள் நோட்டை எடுத்தாள். நேரம் எழுதினாள். அதற்குமேல் எழுத எதுவும் இல்லாமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றாள்.

புதன்கிழமை கமிட்டியில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் மட்டும் படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "வெறும் தட்டுல நீங்க என்ன விட்டீங்க?"

கேட்டே விட்டார். கேட்க வேண்டிய ஒரே கேள்வி அதுதான். அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புரதத்தைக் கரைச்ச அதே கரைசல்தாங்க. புரதம் மட்டும் இல்லாம."

"அல்புமினோட?"

"ஆமாங்க."

அவர் தலையாட்டிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. வேலைக்கேற்ற கை இல்லை என்று கண்ணியமான வார்த்தைகளில் ஒரு தாள் தயாரானது. சார் அவளிடம், "எல்லாருக்கும் எல்லாம் வராதும்மா, மனசு விட்றாதே" என்றார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மேஜையைக் காலி செய்தாள். மூன்று வருஷத்து நோட்டுகள் பதினாறு. அவை லேபுக்குச் சொந்தம், எடுத்துப்போக முடியாது. அவற்றை வரிசையாக அலமாரியில் அடுக்கிவிட்டு வந்தாள். பதினாறிலும் சரியான முடிவுதான் எழுதியிருக்கிறது: வித்தியாசம் இல்லை, வித்தியாசம் இல்லை, வித்தியாசம் இல்லை. இனி அதை யார் புரட்டப் போகிறார்கள்?

நான் ட்யூப்களுக்குப் பேர் எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றாள். அழுதிருந்தாள், முகம் கழுவியிருந்தாள்.

"எவ்வளவோ பாத்துப் பாத்துதான் செஞ்சேன்க்கா. எனக்குக் கை சரியில்ல போல" என்றாள்.

இல்லடி, உன் கைதான் சரி என்று தொண்டை வரை வந்தது. "அப்பாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்ல. திங்கக்கிழமை ஒரு மருந்துக்கடையில வேலைக்குக் கூப்பிட்டிருக்காங்க. அது கிடைச்சிட்டா ரெண்டையும் சேத்துச் சொல்லிடலாம்னு." கொஞ்சம் தயங்கினாள். பிறகு கூச்சத்தோடு சிரித்தாள். "ஒண்ணு கேட்டா சிரிக்க மாட்டீங்களே? உங்க கையால ஒரு பேனா குடுங்கக்கா. அங்க ஏதோ எழுதச் சொல்வாங்களாம். உங்க கைராசியில இதாவது கிடைக்குதான்னு பாக்கறேன்."

என் கையில் பேனா இருந்தது. பாட்டில் மூடியில் புள்ளி வைக்கிற பேனா. கோட்டுப் பையில் தம்பியின் தாள் மடித்தபடி இருந்தது. மூச்சு விட்டால் அது சரசரப்பது எனக்குக் கேட்டது.

அவள் இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள். கையுறையைக் கழற்றிவிட்டு, பேனாவைத் துடைத்துக் கொடுத்தேன்.